நம்பிச் சாய்ந்த ஆசனம்

நண்பர் ஒருவர் புதிதாக மோட்டார் வண்டி வாங்கப் புறப்பட்டபோது துணைக்கு என்னையும் அழைத்துச் சென்றார். மோட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் நன்கு அறிவார். ஆனாலும், பெருந்தொகையைக் கொடுத்து ஒரு சாமானை வாங்கும்போது பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவதற்கு ஒரு மனிதர் இருந்தால் மனத்துக்குத் தைரியமாயிருக்கும் அல்லவா? அந்த உத்தியோகத்தை நான் குறைவின்றிப் பார்த்தேன்.

நண்பர் விலையைக் கேட்டார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டார். அவருடைய மனைவி நிறங்களைப் பற்றி விசாரித்தார். பையன் பாட்டுக் கேட்கும் திரையைத் தொட்டுத் தொட்டு மகிழ்ந்தான். நண்பரின் தாயார் மட்டும் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, முதுகால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இந்தச் சாய்மானம் கெட்டியானதுதானா?" என்று கேட்டார். விற்பனைக்காரப் பிள்ளை புன்சிரிப்புடன், "அசல் தோல், அம்மா! நாலு நிறத்தில் இருக்கிறது" என்றான். எல்லோரும் திருப்தியடைந்தோம். முன்பணமும் கொடுத்தாயிற்று.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான், அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது என் மந்த புத்திக்கு எட்டியது. அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குள் உயிரைப் பற்றிய கேள்வி அது ஒன்றுதான். ஆகவே, இந்த வாரம் மோட்டார் ஆசனத்தின் முதுகைப் பற்றியே எழுதுவதென்று தீர்மானித்தேன்.

*

மோட்டார் விபத்து என்றவுடன் நம் மனக்கண் முன் வருவது, வண்டி எதிரே வரும் லாரியிலோ சாலையோரத்துப் புளியமரத்திலோ போய் மோதுவதுதான். அவ்வாறு மோதும்போது வண்டி சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவரின் உடம்போ ஓடிவந்த வேகத்திலேயே முன்னால் பாய்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவதற்காகவே ஸீட் பெல்ட் ஏற்பட்டது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இக்காலத்து பெல்ட்டை 1959-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து வால்வோ கம்பெனிக்காக அமைத்துக் கொடுத்தவர் நில்ஸ் போலின் என்னும் எஞ்சினீயர். அதற்கு முன், ஆபத்துக் காலத்தில் விமானியை ஆசனத்தோடு வெளியே எறிந்து காப்பாற்றும் சாதனத்தில் வேலை செய்தவர் அவர். எந்தக் கம்பெனியும் அந்த பெல்ட்டை உபயோகித்துக் கொள்ளலாம் என்று வால்வோ அனுமதித்தது. அந்த உதாரகுணத்தால் பிழைத்த உயிர்கள் கணக்கில் அடங்கா.

ஆனால், வண்டியைப் பின்னாலிருந்து வேறொரு வண்டி இடித்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. சிவப்பு விளக்கைக் கண்டு நீங்கள் சாதுவாக நின்றுகொண்டிருக்கிறீர்கள். பின்னால் வந்தவன் நிற்கவில்லை. இடித்த கணத்தில் உங்கள் வண்டி முன்னால் தாவுகிறது. உங்கள் உடம்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அப்பொழுது உங்களைத் தாங்குவது பெல்ட் அல்ல. முன்னால் இருக்கும் காற்றுப்பையும் அல்ல. முதுகுக்குப் பின்னால் இருக்கும் சாய்மானம் ஒன்றுதான் கதி.

அந்தச் சாய்மானம் தாங்க வேண்டிய பாரம் எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நின்றுகொண்டிருக்கும் வண்டி, இடிபட்டதனால் பத்தில் ஒரு வினாடிக்குள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். இது பயங்கரமான வேகம் அல்ல. சைக்கிளை விசையாக மிதிப்பவன் எட்டக்கூடிய வேகந்தான். ஆனால் அதை அவ்வளவு குறுகிய நேரத்தில் அடையும்போது உடம்பின் ஒவ்வொரு கிலோவும் ஏழு கிலோவாகக் கனக்கிறது. இடுப்புக்கு மேற்பட்ட உடம்பு 40 கிலோ என்று கொண்டாலும், சாய்மானத்தின் மேல் விழுவது 280 கிலோ.

அது தாங்கினால் நல்லது. தாங்காவிட்டால், வீட்டுத் திண்ணையில் கிடக்கும் ஈஸிசேரைப் போல் பின்பக்கமாக மல்லாந்து விடுகிறது. அதில் இருந்தவர் பெல்ட்டுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு தலைகீழாகப் பின்னால் போகிறார். தலையும் தோளும் பின் ஆசனத்தில் போய் முட்டுகின்றன. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்தால், உயிர் தப்பினாலும் கைகால் விளங்காமல் படுக்கையிலே வாழவேண்டியதுதான். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல், வண்டியின் உடலும் பெரிதாக நசுங்காமல், இத்தகைய துன்பம் நேர்ந்துவிடலாம் என்பதே இதில் உள்ள கொடுமை.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. பின் ஆசனத்தில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் நம் குழந்தைகள்தாம். அமெரிக்காவில் 1990-ஐ அடுத்த வருஷங்களில் முன் ஆசனத்துக் காற்றுப்பைகள் விரிந்த வேகத்தில் சில குழந்தைகள் இறந்துபோயின. அதைக் கண்டு, "குழந்தைகளை முன்னால் உட்கார வைக்காதீர்கள், பின்னால் வையுங்கள்" என்று ஸர்க்காரும் வைத்தியர்களும் இடைவிடாமல் பிரசாரம் செய்தார்கள். அது நல்ல யோசனை. இன்றும் அதுவே சரியான யோசனை. ஆனால், அதைக் கேட்டு நடந்த பெற்றோர்கள், தங்களுடைய ஆசனத்தின் முதுகு மல்லாந்து விழக்கூடும் என்பதை அறியவில்லை. குழந்தையைக் காப்பதற்காக எந்த இடத்தில் வைத்தார்களோ, அந்த இடத்திலேயே பெற்றவரின் உடம்பு வந்து விழுகிறது.

*

இது வெறும் கற்பனை அல்ல. 2001-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் டெனிசி மாகாணத்தில் ஒரு குடும்பத்தார் சென்ற வண்டியைப் பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்தது. பின் ஆசனத்தில், குழந்தைகளுக்கென்றே செய்த ஆசனத்தில், எட்டு மாதக் குழந்தை முறைப்படி கட்டப்பட்டு இருந்தது. அதற்கு முன்னால் இருந்த ஆசனத்தின் முதுகு மல்லாந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரின் தலை குழந்தையின் நெற்றியில் மோதியது. மண்டையோடு உடைந்து குழந்தை இறந்துபோயிற்று. வண்டியில் இருந்த மற்றவர்களுக்குப் பெரிய காயம் இல்லை.

பெற்றவர்கள் வண்டியைச் செய்த டைம்லர் கிரைஸ்லர் கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் பாதுகாப்புக் குழு ஒன்றுக்குத் தலைமை வகித்திருந்தவரே சாட்சிக் கூண்டில் ஏறினார். ஆசனங்கள் போதிய பலம் உள்ளவை அல்ல என்ற விஷயம் குழுவில் பேசப்பட்டதென்றும், அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைத் திரும்ப வாங்கி அழித்துவிடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததென்றும் அவர் சாட்சியம் சொன்னார். 2004-இல் ஜூரிகள் நஷ்ட ஈட்டுக்கு மேல் தண்டனைத் தொகையாக மாத்திரம் 9 கோடியே 80 லட்சம் டாலர் விதித்தார்கள். விசாரணை நீதிபதி அதை 2 கோடியாகக் குறைத்தார். கடைசியில் 2008-இல் மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 33 லட்சம் டாலர் தண்டனையை உறுதி செய்தது.

தொகையைவிட முக்கியமானது கம்பெனியின் வாதமும், அதற்கு நீதிமன்றம் அளித்த விடையும். "எங்கள் ஆசனம் ஸர்க்கார் விதித்த அளவைக் காட்டிலும் பலமானது, பின் எங்கள் மேல் என்ன குற்றம்?" என்றது கம்பெனி. விதியை நிறைவேற்றிவிட்ட ஒரே காரணத்தினால் தண்டனையிலிருந்து தப்பிவிட முடியாது என்று நீதிமன்றம் முடிவு கூறியது.

அப்படியானால் அந்த விதிதான் என்ன? அதைத் தெரிந்துகொள்ளும்போதுதான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

*

அமெரிக்காவில் மோட்டார்களின் பாதுகாப்புக்காகச் சட்டம் வந்தது 1966-இல். அதற்கு முந்தைய வருஷம் ரால்ப் நேடர் என்ற வக்கீல் எழுதிய புத்தகம் அந்நாட்டு ஜனங்களை உலுக்கிவிட்டிருந்தது. சட்டத்தின் கீழ் ஏற்பட்ட முதல் விதிகளில் ஒன்று, 207-ஆம் எண்ணுள்ள ஆசன விதி. 1968 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது. ஆசனத்தின் முதுகு, உட்காருபவரின் இடுப்பு நிலையை மையமாகக் கொண்டு, 3,300 அங்குலப் பவுண்டு திருப்பு விசையைத் தாங்க வேண்டும் என்பது அதன் உத்தரவு. வீட்டுப் பாஷையில் சொன்னால், இடுப்புக்குப் பதினாறு அங்குல உயரத்தில் சுமார் 94 கிலோ பாரம் கொடுத்து மெதுவாகப் பின்னுக்கு இழுத்தால் சாய்மானம் முறியாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இடிக்கும் வேகத்தில் இழுத்துப் பார்ப்பதில்லை. நாம் மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வழியாகக் கணக்கிட்டாலும், ஒரு நடுத்தரமான இடியில் வரும் பாரம் இந்த அளவைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாது.

அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் நேர்ந்த பிழை இது என்றும் சொல்வதற்கில்லை. 1960-ஐ அடுத்த வருஷங்களிலேயே கலிபோர்னியா ஸர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலிஸ் பிரிவில் டெர்வின் ஸெவரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உண்மையான வண்டிகளைப் பின்னாலிருந்து மோதவிட்டுச் சோதித்தார்கள். உயரமும் உறுதியும் உள்ள சாய்மானமும், தலையைத் தாங்கும் தலையணையும் வேண்டும் என்று 1968-இல் எழுதியும் வைத்தார்கள். முன் ஆசனங்களுக்குத் தலையணை 1969 முதல் கட்டாயமாயிற்று. சாய்மானத்தின் பலம் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

பிறகு நடந்தவை நமக்குப் பழக்கமான தாலுகாக் கச்சேரிக் கதைதான். 1974-இல் விதியைத் திருத்த ஒரு முயற்சி நடந்தது, பலன் இல்லை. 1989-இல் நிபுணர்கள் மனுக் கொடுத்தார்கள். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது; ஆராய்ச்சி தொடங்கியது. பதினைந்து வருஷம் ஆராய்ந்த பிறகு, இன்னும் அதிக ஆராய்ச்சி தேவை என்று கண்டுபிடித்து 2004-இல் அந்த வேலையைக் கைவிட்டார்கள். டெனிசியில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னதும் அதே வருஷந்தான். 2021-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு பெரிய சட்டத்தின் நடுவில் இந்த விதியைத் திருத்தும் வேலையைத் தொடங்கும்படி கட்டளையிட்டது. 2024 ஜூலையில், திருத்தத்தைப் பற்றி யோசனை சொல்லுங்கள் என்று ஸர்க்கார் இலாகா ஒரு முன்னறிவிப்பு வெளியிட்டது. சந்திர மண்டலத்தில் மனிதன் இறங்குவதற்கு முன்னால் எழுதிய விதியைத் திருத்த யோசனை கேட்பதற்கு ஐம்பத்தாறு வருஷம் ஆயிற்று!

மோட்டார் கம்பெனிகளின் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது, அதையும் சொல்லவேண்டும். சாய்மானம் சிறிது வளைந்து கொடுத்தால் இடியின் விசையை அது உறிஞ்சிக்கொள்ளும்; இரும்புச் சுவர் போல் நின்றால் கழுத்து வெடுக்கென்று ஒடியும் என்றார்கள். இதில் பாதி உண்மை. மிச்சப் பாதியை ஸ்வீடன் தேசத்தார் செய்துகாட்டினார்கள். 1997-இல் ஸாப் கம்பெனி, உடம்பு பின்னால் அழுத்தியதும் தலையணை தானே முன்வந்து தலையைத் தாங்கும்படி ஆசனம் செய்தது. மறு வருஷம் வால்வோ செய்த ஆசனத்தின் சாய்மானம், இடிபட்டதும் ஓர் அளவுக்குப் பின்வாங்கி, பிறகு உறுதியாக நின்றுவிடும். வளைவது வேறு, மல்லாந்து விழுவது வேறு. நாணல் வளைகிறது, உளுத்த தூண் விழுகிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர் நாணலுக்காகப் பேசவில்லை.

பல கம்பெனிகள் விதி கேட்பதைவிட எத்தனையோ மடங்கு உறுதியாக ஆசனம் செய்கின்றன என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அது அவர்களுடைய மனச்சாட்சியைப் பொறுத்த விஷயமாக நின்றுவிட்டது. ஒருவருடைய முதுகெலும்பும் குழந்தையின் உயிரும், எந்தக் கம்பெனியின் மனச்சாட்சி எப்படிப்பட்டது என்பதையா நம்பியிருப்பது? விதி என்பது அதற்குக் கீழே போகக்கூடாது என்று போட்ட கோடு. நாளடைவில் அதுவே, அதற்குமேல் போகவேண்டியதில்லை என்ற கோடாக மாறிவிடுகிறது. இந்த விவகாரம் முழுவதிலும் நாம் கற்கவேண்டிய பாடம் இது ஒன்றுதான்.

*

நிற்க. நம் தேசத்தின் சங்கதி என்ன?

மத்திய ஸர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவ்வருஷத்து விபத்துக்களை மோதிய வகைப்படி பிரித்துப் பார்த்தால், பின்னாலிருந்து மோதிய வகையே எல்லாவற்றிலும் அதிகம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இவற்றில் இருசக்கர வண்டிகளும் லாரிகளும் அடங்கும். எல்லாம் ஆசனத்தின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், பின்னாலிருந்து வரும் இடி நம் சாலைகளில் அபூர்வமானதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆசனத்தின் பலத்தைப் பற்றி ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டில் ஐரோப்பாவில் வழங்கும் விதி, அமெரிக்க விதியைவிடச் சுமார் நாற்பது சதவிகிதம் அதிகப் பலத்தைக் கேட்கிறது. அமெரிக்கா 373 நியூட்டன் மீட்டர் கேட்டால், அது 530 கேட்கிறது. நமது மோட்டார் விதிகள் பெரும்பாலும் அந்த வழியைப் பின்பற்றியவை. அது ஓரளவு ஆறுதல். 2019-இல் திருத்திய மோட்டார் சட்டம், குற்றமுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிகளுக்கு உத்தரவிட மத்திய ஸர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. 2023 அக்டோபரில், வண்டிகளை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஏற்பாடும் நமக்கென்றே தொடங்கியது. பாரத நாட்டின் பெயரைத் தாங்கிய அந்த ஏற்பாட்டைக் கண்டு யார்தான் மகிழமாட்டார்கள்? ஆனால், அது தொடங்கியபோது வகுத்த சோதனைகளில் முன்னால் மோதுவது உண்டு. பக்கத்தில் மோதுவது உண்டு. கம்பத்தில் மோதுவதும் உண்டு. பின்னாலிருந்து மோதும் சோதனை இல்லை. ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டியின் ஆசனமும், அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே நட்சத்திரம் பெற்றுவிடலாம்.

பிறர் வகுத்த குறைந்தபட்ச அளவைக் கடன் வாங்கி, அதை நிறைவேற்றிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்வது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல. பணக்கார தேசம் ஒன்று ஐம்பது வருஷத்துக்கு மேல் செய்த தவறு நம் கண்ணெதிரே இருக்கிறது. அதே ஐம்பது வருஷத்தை நாமும் செலவழித்துத்தான் கற்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பின்னாலிருந்து மோதும் சோதனையும் கட்டாயமாக வேண்டும். அதன் முடிவை வாங்குகிறவர் கையில் கொடுக்கவும் வேண்டும். இதை நாம் கேட்கவேண்டும், கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

*

அதுவரையில் வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு.

பெல்ட்டைப் பின் ஆசனத்திலும் போட்டுக்கொள்ள வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை ஆசனமோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று நம் சட்டமே சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்து செய்தாலும் பலன் ஒன்றுதான்.

ஓடும் வண்டியில் சாய்மானத்தைத் தணித்துவிட்டுப் படுத்துத் தூங்கக்கூடாது. சாய்ந்திருப்பவரைப் பெல்ட் பிடிக்காது. சாய்மானமும் சரியாகத் தாங்காது. தலையணையைக் கழற்றிப் பரணில் போடுவதும், கழுத்துக்குக் கீழே இறக்கி வைப்பதும் தவறு. அதன் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரவேண்டும். தலைக்கும் அதற்கும் நாலு விரற்கடைக்கு மேல் இடைவெளி கூடாது. ஆசனம் ஆடினாலோ, தண்டவாளத்தில் சரியாகப் பூட்டிக் கொள்ளாவிட்டாலோ, ஒரு வாரம் பொறுக்கலாம் என்று இருக்கவேண்டாம்.

குழந்தைகளைப் பின்னால்தான் உட்கார வைக்கவேண்டும். அதில் மாற்றம் இல்லை. ஆனால் பின்னால் எந்த இடம்? முன் ஆசனம் ஒன்று காலியாக இருந்தால் அதற்குப் பின்னால். காலியாக இல்லாவிட்டால், முன்னால் இருப்பவர்களுக்குள் யார் உடம்பு கனம் குறைந்தவரோ அவருக்குப் பின்னால். அமெரிக்காவில் மோட்டார்ப் பாதுகாப்புக்காகப் பாடுபடும் சங்கம் ஒன்று, பெற்றோர்களுக்கு இப்படி எச்சரிக்கை கொடுக்கவேண்டும் என்று 2016-இல் ஸர்க்காருக்கு மனுச் செய்தது. மனுவின் கதி என்னவானால் என்ன? யோசனை நல்லது, காசும் செலவில்லை.

இவ்வளவையும் படித்து முடித்த பின், நண்பர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் அவருடைய கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"உன் பின்னால் குழந்தையை உட்கார வைக்காதே அப்பா, நீ தொண்ணூறு கிலோ. இனிமேல் முன்னால் நான் உட்காருகிறேன். குழந்தை என் பின்னால் இருக்கட்டும். இந்த வீட்டில் கனமே இல்லாதவள் நான் ஒருத்திதான்" என்றார்.

நண்பர் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் அவர் சொன்னபடியே நடந்து வருகிறது.